நெசவாளியையும் மனைவியையும் வெட்டிப் பிரிக்காதீர்கள்: புதுச்சேரி அச்சுப்படக் கடைக்காரர்களுக்கும் விடுதி உரிமையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கடைக்காரர்களுக்கும் விடுதி, உணவக உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

அந்தக் காலத்து மக்களின் உடையையும் தொழிலையும் காட்டும் பழைய உடை ஓவியங்களின் நகல்களை நீங்கள் விற்பதையோ சுவரில் மாட்டுவதையோ குறை சொல்ல இதை எழுதவில்லை. என் வீட்டுக் கூடத்திலும் மாடிப்படி ஓரத்திலும் அவைதான் இருக்கின்றன. பிரெஞ்சு கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். முத்தியால்பேட்டையில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவள். இந்தப் படங்கள் நம் ஊர்ச் சுவர்களுக்கு வந்து சேர்ந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். நான் கேட்பது ஒன்றே ஒன்று: படத்தை வெட்டாமல் முழுசாகப் போடுங்கள்.

இதற்கு ஒரு மடலா என்று தோன்றலாம். அண்மையில் கடற்கரைப் பக்கத்து உணவகம் ஒன்றுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். ஆயுள் முழுக்கக் குழித்தறியில் உட்கார்ந்த என் பெரியப்பாவும் வந்திருந்தார். கை கழுவப் போனவர் திரும்பவில்லையே என்று போய்ப் பார்த்தேன். கழிப்பறைக் கதவுகளுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். ஆண்கள் கதவில் தோளில் துணி போட்ட ஒருவர், கையில் பாவாற்றி, அதாவது பாவு நூலுக்குக் கஞ்சி தடவும் தூரிகை. பெண்கள் கதவில் ராட்டையோடு ஓர் அம்மா. இரண்டும் ஒரே ஓவியம். நெசவாளியும் மனைவியும் அருகருகே நிற்கும் தஞ்சாவூர்ப் பாணிப் படத்தை நடுவில் வெட்டி ஆளுக்கொரு கதவில் ஒட்டியிருந்தார்கள். அந்த அம்மாவின் முந்தானை ஓரம் கணவர் பக்கத்துக் கதவிலேயே தங்கிவிட்டது.

"இவங்க நம்ம ஆளுங்கம்மா" என்றார் பெரியப்பா. அதற்குப் பிறகு அன்று அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை. பாவாற்றி என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் அந்த உணவகத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? தெரிந்த ஒருவர் அதைக் கழிப்பறைக் கதவில் பார்க்க நேர்ந்தது. மேலாளரிடம் சொன்னேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: ஆண், பெண் அடையாளத்துக்கு அழகாக இருக்கிறது, வருகிறவர்கள் போட்டோகூட எடுக்கிறார்கள் என்று.

அந்தப் படங்கள் எப்படிப் பிறந்தன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தஞ்சாவூர் ஓவியர்கள் கிழக்கிந்தியக் கும்பெனி ஆட்களுக்காகத் தொழில்செய்வோரைச் சோடி சோடியாக வரைந்தார்கள். குயவரும் மனைவியும், நெசவாளியும் மனைவியும், கள்ளிறக்குபவரும் மனைவியும். திருச்சியில் இதையே காக்காய்ப்பொன் (மைக்கா) தகட்டிலும் வரைந்தார்கள். வரைந்தவர்களில் பெரும்பாலோர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் சேர்த்து நிறுத்திய இரண்டு பேரை நாமாவது சேர்த்தே வைத்திருக்கலாம்.

பிரெஞ்சுப் படங்களுக்கு வேறு விதமான வெட்டு. 1782இல் பாரீசில் வெளிவந்த பிரெஞ்சுப் பயணி பியேர் சொன்னராவின் பயண நூலில் இருக்கும் செதுக்கோவியங்களும், 1827 முதல் 1835 வரை வந்த 'லேந்த் பிரான்சேஸ்' (பிரெஞ்சு இந்தியா) தொகுப்பின் கல்லச்சுப் படங்களும், அதாவது கல்லில் வரைந்து அச்சடித்தவையும், உங்கள் கடைகளில் அதிகம் ஓடுகின்றன. அந்தத் தொகுப்பு தன் தலைப்பிலேயே பிரெஞ்சு இந்தியாவிலும் சோழமண்டலக் கரையிலும் மலபாரிலும் வாழும் மக்களின் உடை, முகத்தோற்றம், பாத்திரம், ஆயுதம் எல்லாவற்றையும் காட்டுவதாகச் சொல்கிறது. அதாவது, நம் முன்னோர்களை. இப்படிப்பட்ட படங்களில் யார், என்ன தொழில், வரைந்தவர் யார், கல்லில் ஏற்றியவர் யார் என்பதெல்லாம் வழக்கமாகக் கீழ் ஓரத்தில்தான் இருக்கும். 12க்கு 18 ரெடிமேட் ஃபிரேமில் அடங்கவில்லை என்று நீங்கள் முதலில் கழிப்பது அந்த ஓரத்தைத்தான். படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் போர்டு அட்டையில் சன்னலைக் கொஞ்சம் பெரிதாக வெட்டினால் போதும், அந்த வரி பிழைத்துவிடும். சட்டத்துக்கான பீடிங் செலவுகூட அதிகமாகிவிடாது.

அப்புறம் அந்தக் காப்பிப் பழுப்பு. சிவப்புக் கரையும் மஞ்சள் புடவையுமாகப் பளிச்சென்று வரைந்ததைப் பழசாகத் தெரியட்டும் என்று பழுப்பாக்கிவிடுகிறீர்கள். கொசுவம் எந்தப் பக்கம், கரை எவ்வளவு அகலம், தண்டட்டியா தோடா என்று பார்க்கத்தானே ஒருவர் உடை ஓவியத்தை வாங்குகிறார்? என் வீட்டுக்கு வரும் அத்தைமார் படத்தின் முன் நின்று இதைத்தான் பேசுகிறார்கள்.

கீழ் ஓரத்து எழுத்தைப் போட்டால் சாதிப் பிரச்சினை வரும் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். அது நியாயமான கவலை. ஐரோப்பியர் நம்மை வகை பிரித்து அடுக்கிப் பார்த்த பார்வை அந்தக் குறிப்புகளில் இருக்கிறது. சில சொற்கள் கூடத்துச் சுவரில் இருக்கத் தகாதவை. அவை படச்சட்டத்தின் பின்புறத்தில் இருக்கட்டும். முன்னால் தொழில், இடம், ஆண்டு, அசல் இருக்கும் நூலகம் ஆகியவற்றைத் தமிழில் ஒரு வரியாகப் போடுங்கள். பிரான்சு தேசிய நூலகத்தின் கல்லிக்கா இணையதளமும் படத்தை எடுத்தால் எடுத்த இடத்தைக் குறிப்பிடச் சொல்கிறது.

இந்த ஊரில் எதைத்தான் முழுசாகக் காட்டுகிறோம்? மஞ்சள் சுவர், காகிதப்பூ, போலீசாரின் சிவப்பு கெப்பித் தொப்பி, இதோடு சுற்றுலா முடிந்துவிடுகிறது. இங்கே நெய்து சாயமேற்றிய நீலத்துணி செனகல் வரை போனது என்று எந்தப் பலகையில் எழுதியிருக்கிறது? 1936 ஜூலை 30 அன்று இந்த ஊர் சவானா பஞ்சாலையில் 12 தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்ததைத் தங்க வருகிறவர்களில் எத்தனை பேருக்குச் சொல்கிறோம்? இன்னொரு பஞ்சாலையான ஏ.எஃப்.டி. மில்லும் 2020இல் மூடிவிட்டது. தறியும் போய், மில்லும் போய், மிச்சம் இருப்பது இந்தப் படங்கள். அவற்றிலும் பெயரை வெட்டி, சோடியைப் பிரித்து, கழிப்பறைக்கு அனுப்பினால் கோபம் வரத்தான் செய்யும்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே திரும்பக் கேட்கிறேன்: படத்தை முழுசாகப் போடுங்கள், கீழே ஒரு வரி எழுதுங்கள், கழிப்பறைக் கதவுகளுக்கு வேறு அடையாளம் வையுங்கள். பிரெஞ்சுக் குறிப்பு புரியவில்லை என்றால் என்னிடம் அனுப்புங்கள். தமிழ் வரியை நானே எழுதித் தருகிறேன். அதற்குக் காசு வேண்டாம். ஏற்கெனவே மாட்டிய படங்களுக்கு அந்த வரியைச் சின்னத் தாளில் அச்சடித்துச் சட்டத்துக்குக் கீழே ஒட்டினாலும் போதும்.

இப்படிக்கு,
முத்தியால்பேட்டைப் பிரெஞ்சு ஆசிரியை