காஸ் சிலிண்டருக்குள் இருக்கிற வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வரவு செலவுத் திட்டம் வந்துவிட்டால் பத்திரிகைகள் முதலில் தூக்கிப் பிடிப்பது சம்பளத்தில் கழிக்கிற வரியைத்தான். தங்கள் பத்திரிகையும் அப்படித்தான். 2025 ஏப்ரலில் வரிவிலக்கு எல்லை மாதம் 1 இலட்சத்திலிருந்து 1 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு உயர்ந்தபோது அதுவே எங்கும் பேச்சு. பேச வேண்டியதுதான். மாதம் 2 இலட்சம் எடுக்கிறவருக்கு 10,500 ரூபா கழித்த இடத்தில் இப்போது 3,000 ரூபா கழிக்கிறார்கள் என்றால் அது சின்ன விஷயமில்லை. வெளிநாடு போவதா நிற்பதா என்று யோசித்துக்கொண்டிருந்த வைத்தியர்களுக்கும் பொறியியலாளர்களுக்கும் அது தேவையாகவும் இருந்தது.

ஆனால் திருகோணமலையில் நான் நாளாந்தம் காண்கிற ஆட்களில் மாதம் 1 இலட்சத்து 50 ஆயிரம் எடுக்கிறவர் எத்தனை பேர்? சந்தைப் பக்கம் சில கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். அந்தக் கடைகளில் நிற்கிற பிள்ளைகள், உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் அறை துப்புரவாக்குகிற பெண்கள், ஓட்டோ ஓடுகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள் எல்லாம் வருமான வரிக்கு வெளியே நிற்பவர்கள். அதனால் இவர்கள் வரியே கட்டுவதில்லை என்று ஒரு நினைப்பு இருக்கிறது. "நாங்கள் கட்டுகிற வரியில்தான் அவர்களுக்கு அஸ்வெசும" என்று, அரசாங்கம் வறிய குடும்பங்களுக்குக் கொடுக்கிற உதவிப்பணத்தைக் காட்டி, படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

12.5 கிலோ காஸ் சிலிண்டரை எடுங்கள். 2023 முடியும் வரை அதற்குப் பெறுமதி சேர் வரி, அதாவது வற் வரி, இல்லை. 2024 ஜனவரி 1 ஆம் திகதி அந்த வரியை 15 வீதத்திலிருந்து 18 வீதமாக்கிய கையோடு, காஸ், பெற்றோல், டீசல் மூன்றுக்கும் இருந்த விலக்கையும் எடுத்துவிட்டார்கள். 2025 இல் சிலிண்டர் 3,690 ரூபா விற்றது. அதில் 500 ரூபாவுக்கு மேல் வற் வரி. வாங்குகிறவருக்கு இது தெரிவதே இல்லை, கடையில் சொல்வது ஒரே விலை. 2 இலட்சம் சம்பளக்காரர் வீட்டிலும் அதே 500 ரூபாதான், விடுதியில் படுக்கை விரிப்புத் துவைக்கிறவர் வீட்டிலும் அதே 500 ரூபாதான். அரிசிக்கும் பாணுக்கும் இந்த வரி இல்லை, அது நியாயம். ஆனால் சவர்க்காரம், பிஸ்கட், பிள்ளையின் சப்பாத்து, புத்தகப்பை என்று எதைத் தொட்டாலும் 18 வீதம். தொலைபேசியில் பேசினால் அதற்குமேல் தொலைத்தொடர்பு வரி வேறு. டீசலுக்குப் போட்டது பஸ்ஸிலும் மீன் லொறியிலும் ஏறி வீட்டுக்கே வந்துவிடுகிறது.

அரசாங்கம் கொடுக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். தனியார் துறைக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியில் 30,000 என்று சட்டமாகியிருக்கிறது. வறிய பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பொருள் வாங்க 6,000 ரூபா தந்தார்கள். சரி, அந்த 6,000 ரூபாவுக்கும் சப்பாத்தும் பையும் வாங்கினால் அதில் 900 ரூபாவுக்குமேல் வரியாகத் திறைசேரிக்கே திரும்பிப் போகும். இடது கையால் கொடுத்து வலது கையால் வாங்கிக்கொள்கிற வேலை இது.

குறைந்தபட்சச் சம்பளம் மாதச் சம்பளத்துக்கு நிற்கிறவர்களுக்கு உதவும். எங்கள் பக்கம் பாதி வாழ்க்கை பருவத்தை நம்பி ஓடுகிறது. மே தொடக்கம் செப்டெம்பர் வரைதான் விடுதிகளில் கூட்டம். வடகீழ்ப் பருவக்காற்று எழும்பினால் சின்னப் படகுகள் கரையில் கிடக்கும். அந்த மாதங்களில் வருமானம் நின்றாலும் சிலிண்டர் வரி நிற்பதில்லை. மண்ணெண்ணெய் கதை இதைவிட மோசம். 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. அது வரியில்லை, மானியத்தை எடுத்தது என்று பொருளியல் படித்தவர்கள் திருத்துவார்கள். மண்ணெண்ணெய் ஊற்றி எஞ்சின் ஓட்டுகிறவருக்கு அந்த வித்தியாசம் எதற்கு?

இப்போது கடைக்காரர்களின் முறை. வற் வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லையை 6 கோடி ரூபாவிலிருந்து 3 கோடி 60 இலட்சமாகக் குறைக்க 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழிந்தார்கள். கேட்பதற்குப் பெரிய தொகை. ஆனால் நாளுக்கு 1 இலட்சம் ரூபாவுக்கு விற்கிற கடைக்கு அது சரியாக வந்து சேரும். இது இலாபமில்லை, வெறும் விற்பனை. கண்டி வீதியிலும் மத்திய வீதியிலும் புருஷனும் பெண்சாதியும் ஒரு உதவியாளும் நடத்துகிற கடைகள் இந்தக் கணக்குக்குள் விழக்கூடும். எனக்கு வேலை கூடும், அதை மறைப்பானேன். என் கூலியையும் கடைக்காரர் விலையில்தான் சேர்ப்பார், வேறெங்கே சேர்ப்பார்?

காசு எங்கிருந்து வருமென்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2019 டிசம்பரில் வற் வரியை 15 இலிருந்து 8 வீதத்துக்கு வெட்டித் திறைசேரியைக் காலியாக்கிய பிறகு 2022 ஏப்ரலில் கடன் கட்ட முடியாமல் நின்றதை நாங்கள் மறக்கவில்லை. எரிபொருள் வரிசையில் நின்ற கால்கள் இவை. வரி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் சர்வதேச நாணய நிதியத்தோடு பேசிய திட்டத்திலேயே 2025 இல் சொத்துக்காரர்களுக்கு ஒரு வரி வரவிருந்தது. வீடும் காணியும் நிறைய வைத்திருப்பவர்களுக்கான வரி. அதற்கு மதிப்பீடு இல்லை, தரவு இல்லை என்று தள்ளிப்போட்டார்கள். சிலிண்டர் வரிக்குத் தரவு ஒன்றும் தேவைப்படவில்லை, புதுவருடம் பிறந்த அன்றே வந்துவிட்டது.

காஸுக்கும் பாடசாலைப் பொருட்களுக்கும் சவர்க்காரத்துக்கும் 18 இல்லாமல் குறைந்த வீதம் ஒன்று வைக்கலாம். மற்ற நாடுகளில் இல்லாத புதுமையில்லை. விற்கிற பொருளின் விலைக்குப் பக்கத்தில் வரி எவ்வளவு என்று அச்சடிக்கவும் பெரிய செலவு வராது. எங்கள் மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றத்துக்கு நான்கு பேர் போயிருக்கிறார்கள். மாதம் 30,000 ரூபா எடுக்கிற குடும்பம் ஆண்டுக்கு எவ்வளவு மறைமுக வரி கட்டுகிறது என்று அவர்களில் ஒருவராவது குழுநிலை விவாதத்தில் நிதி அமைச்சரைக் கேட்கட்டும். அவர் சொல்லுகிற பதிலைத் தாங்கள் முதல் பக்கத்தில் போட வேண்டும்.

இப்படிக்கு,
சந்தைக் கடைகளின் கணக்கெழுத்தாளர் ஒருவர்,
திருகோணமலை.