வெயில் ஏறினால் நின்றுபோகும் கணினி

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய சேதி கேட்டு வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். தைப்பூசத்துக்கு வருகிறாய் என்றதும் என் வீட்டுக்காரி தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போக இப்போதே ஆள் கணக்கு எடுக்கிறாள்.

கணினி அடிக்கடி நின்றுபோகிறது, கோலாலம்பூர் லோ யாட் கணினிக் கடைத்தொகுதியில் புதிதாகவே வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. போன வருடம் என்னுடையது நான்கு மாதம் பாடாய்ப் படுத்தியது. ஒருநாள் நீலத்திரை (திரை நீலமாகி, ஒரு பிழைக் குறியீட்டைக் காட்டி நின்றுவிடும்), மூன்று நாள் சும்மா இருக்கும், பிறகு ஒரே மத்தியானத்தில் இரண்டு தடவை. கடைக்காரர் வைரஸ் என்று சொல்லி 80 வெள்ளி வாங்கிக்கொண்டு விண்டோஸை மறுபடி போட்டார். அவர் கடை ஏர்கோனில் சமர்த்தாக ஓடியது. வீட்டுக்கு வந்ததும் பழைய குருடி கதவைத் திறடிதான்.

அப்புறம் நேரத்தையும் திரையில் வந்த குறியீட்டையும் நோட்டில் எழுதி வந்தேன். நிற்பதெல்லாம் வெயில் ஏறிய பிறகு. குறியீடோ ஒவ்வொரு தடவையும் வேறு. மென்பொருள் கோளாறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறும். இடம் மாறி மாறி இடறினால் முதலில் ரேமை, அதாவது வேலை நடக்கும்போது தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகத்தை, சந்தேகப்படணும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சிப்புகளை 125 டிகிரி அடுப்பில் வைத்துச் சோதித்த காலம் ஞாபகம் வந்தது. நோஞ்சான் சிப் சூட்டில்தான் மாட்டிக்கொள்ளும்.

பென்டிரைவில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலைப் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். முதல் சுற்று சுத்தம். விடியற்காலை பார்த்தால் மூன்றாம் சுற்றில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். ஒரு பிழை வந்தாலே அந்த ரேமை நம்பக்கூடாது. கணினியில் இருந்த இரண்டு ரேம் பலகைகளையும் கழற்றி, பொன்னிறக் கால்களை ரப்பரால் துடைத்து, ஒவ்வொன்றாக மாட்டினேன். ஒன்று தேறியது. மற்றது எந்தச் சொருகில் போட்டாலும் தோற்றது.

என்னால் ஆற முடியாதது வேறு. அந்த நான்கு மாதத்தில் அம்மாவின் படங்களை அதே கணினியில் நகல் எடுத்துவிட்டு, மூலத்தை அழித்துவிட்டேன். கெட்ட ரேம் தன் வழியாகப் போகும் தரவையும் கெடுக்கும், ஒரு எச்சரிக்கையும் வராது. பதினோரு படங்கள் பாதிக்குக் கீழே சாம்பல் நிறம். அம்மா வாசலில் கோலம் போடும் படத்தில் முகம் இருக்கிறது, கோலம் இல்லை.

அதனால் முதல் வேலையாக டிஸ்க்கைக் கழற்றி வேறு நல்ல கணினியில் மாட்டி நகல் எடு. உன் அப்பா எழுதி வைத்த தோட்டத்துப் பாட்டுகள் அதில்தானே இருக்கின்றன.

உன்னுடையது நீலத்திரையே இல்லாமல் பட்டென்று அணைகிறது என்கிறாய். அப்படியென்றால் எனக்குக் கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை மேல்தான் சந்தேகம், அல்லது சூடு. விண்டோஸ் நடந்ததைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று இருக்கும். முறையாக அணையவில்லை என்பதைத்தான் அது சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ஃபேனில் தூசி அடைத்திருக்கிறதா, மதர்போர்டில் கபாசிட்டர் என்ற சின்ன உருளைகளின் தலை உப்பியிருக்கிறதா பார். பிறகு உன் மச்சானிடம் பவர் சப்ளையை இரவல் வாங்கி இரண்டு வாரம் ஓட்டு. அந்த நாட்களில் வேறு எதையும் மாற்றாதே. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கை உருவிய பிறகும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும்.

கேஸைத் திறந்ததும் கபாசிட்டர் பக்கம் ஒரு படம் எடுத்து அனுப்பு. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பினாங்குக்காரன்