கோரிக்கை மனு: "இன்னும் ஒன்றும் நடக்கவில்லையே" என்ற பதில் இனி வேண்டாம்

அனுப்புநர்:
ஆசிரியை மற்றும் பெற்றோர்,
கோயில் மண்டபத் தமிழ் வகுப்பு,
சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.

பெறுநர்:
மாகாணத் தலைமை அதிகாரி அவர்கள்,
சமூக மேம்பாட்டுத் துறை,
குவாசூலு-நட்டால், பீட்டர்மாரிட்ஸ்பர்க்.

பொருள்: சிறுவர் சிறுமியரைப் பாலியல் சுரண்டலுக்காகக் கடத்துவதைத் தடுக்க, சந்தேகம் எழும்போதே புகார் தர எங்களைப் போன்றவர்களுக்கு வழி செய்து தருமாறு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இந்த மனுவின் ஆங்கில வடிவம் உடன் இணைக்கப்பட்டுள்ளது. கையெழுத்துப் போடும் பெரியவர்களில் சிலர், எதற்குப் போடுகிறோம் என்பதைத் தமிழில் கேட்டுவிட்டுத்தான் போடுவோம் என்றார்கள். அதனால் தமிழிலும் எழுதினேன்.

போன வருடம் டிசம்பர் பள்ளி விடுமுறைக்குச் சற்று முன் நடந்தது இது. பிள்ளையின் அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை விட்டிருக்கிறேன். எங்கள் வகுப்புக்கு வரும் பதினைந்து வயதுப் பெண்ணின் கையில் திடீரென்று விலை உயர்ந்த கைபேசி ஒன்று வந்தது. ஆயாவோடு (பாட்டியோடு), ஒரு வீட்டின் பின்கட்டு அறையில் வாடகைக்குக் குடியிருக்கும் பிள்ளை. கைபேசியை எப்போதும் கவிழ்த்தே வைப்பாள். அது அதிர்ந்தால், எழுதிக்கொண்டிருந்த எழுத்து பாதியில் நின்றுவிடும். யார் வாங்கித் தந்தது என்று கேட்டதற்கு "ஒரு அங்கிள்" என்றாள். அந்த அங்கிள் ஊரறிந்தவர். விசேஷ நாட்களில் பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்பவர். ஜோஹன்னஸ்பர்க்கில் ஓர் உணவகத்தில் விடுமுறை வேலை, தங்க இடமும் உண்டு, பிறப்புச் சான்றிதழை முன்கூட்டியே கொடுத்துவிடு, ஆயாவிடம் இப்போது சொல்லாதே. இவ்வளவும் அவர் சொன்னவை.

ஆயாவை அழைத்துக்கொண்டு ஒரு காவல் நிலையத்துக்குப் போனேன். மேசையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "பிள்ளை வீட்டில்தானே இருக்கிறது? இன்னும் ஒன்றும் நடக்கவில்லையே. காணாமல் போனால் வாருங்கள்." ஆயா கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த பிறப்புச் சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதை நான் இடுப்பில் கட்டிக்கொண்டே தூங்கட்டுமா, சார்?" என்று கேட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து, குழந்தைகளுக்கான உதவி அமைப்பான சைல்ட்லைனின் இலவச எண் 116-ஐ அழைத்தோம். அந்த எண் எனக்குத் தெரிந்திருந்ததே தற்செயல்தான். எப்போதோ ஒரு பள்ளிக் கழிவறைக் கதவில் ஒட்டியிருந்ததைப் பார்த்த ஞாபகம். பிறகு சமூகப் பணியாளர் வந்தார், குழந்தைக்கு ஆபத்து என்று தங்கள் துறைக்குத் தெரிவிக்கும் படிவம் 22 நிரப்பப்பட்டது, பிள்ளை இன்றைக்கும் வகுப்புக்கு வருகிறாள். அந்தக் கதவை நான் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

அதே வாரத்தில் எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் வெள்ளை வேன் குரல்பதிவு நாலைந்து தடவை சுற்றி வந்தது. முகம் தெரியாத யாரோ பிள்ளையைத் தெருவில் தூக்கிப் போகிறான் என்ற கதைக்கு நாங்கள் பதறுகிறோம். சிரித்துக்கொண்டு வந்து, பரிசு கொடுத்து, வேலை வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பிள்ளையை நாங்களே அனுப்பிவிடுகிறோம். இதில் எங்களுக்கு ஒரு கூடுதல் வெட்கம் உண்டு. 1860-இல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ டர்பன் வந்தது முதல் 1911 வரை, மதராஸ் துறைமுகத்தில் எங்கள் முன்னோரை ஏற்றிவிட்ட தரகர்களில் பலர் பேசியதும் இதே பேச்சுதான். நட்டாலில் மிளகாய்ச் செடியைப் பிடுங்கினால் வேரில் பொற்காசு இருக்கும் என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்கள் என்பது என் பாட்டி சொன்ன கதை. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தப் பேச்சுக்கு ஏமாறலாமா?

சட்டத்தில் குறையில்லை. ஆட்கடத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டின் 7-ஆம் எண் சட்டம் 2015 ஆகஸ்ட் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. குற்றவாளிக்கு ஆயுள் தண்டனையோ 10 கோடி ராண்ட் வரை அபராதமோ விதிக்கலாம். பிள்ளையே சம்மதித்தது என்று சொல்லித் தப்ப முடியாது. ஒரு குழந்தை இதில் சிக்கியிருப்பதாகச் சந்தேகம் வந்தால் காவல் துறைக்கு உடனே தெரிவிப்பது எவருக்கும் கடமை. காணாமல் போனவர் பற்றிப் புகார் தர 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற விதியும் இந்த நாட்டில் கிடையாது. இதெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. மேசைக்கு வருவதில்லை, எங்கள் வீட்டுக்கும் வருவதில்லை.

ஆகவே தாங்கள் செய்து தர வேண்டியவை:

முதலில் எண்கள். சைல்ட்லைன் 116, ஆட்கடத்தல் புகாருக்கான 0800 222 777 ஆகிய இரண்டையும் ஆங்கிலத்திலும் சூலுவிலும் அச்சிட்ட ஒட்டிகளைத் தாருங்கள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன்களின் உட்புறம், டாக்ஸி நிலையங்கள், டக் ஷாப் எனும் சிறு தின்பண்டக் கடைகள், பெண்கள் கழிவறைக் கதவின் உட்பக்கம் என்று நாங்களே ஒட்டுகிறோம். கழிவறைக் கதவை அழுத்திச் சொல்கிறேன். பக்கத்தில் யாரும் இல்லாமல் ஒரு பிள்ளை படிக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

இரண்டாவது, பிள்ளைகளை அன்றாடம் பார்ப்பவர்களுக்கு அரை நாள் பயிற்சி. வேன் ஓட்டுநர், முடிதிருத்துபவர், பின்கட்டு அறையை வாடகைக்கு விடுபவர், அர்ச்சகர். பிள்ளை திடீரென்று பள்ளிக்கு வராமல் போவது, கணக்குக் காட்ட முடியாத பரிசு, இரண்டாவது கைபேசி, பேசும்போது வேறொருவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது ஆகியவற்றை இவர்கள்தான் முதலில் காண்கிறார்கள். சந்தேகப்பட்டால் தாங்களே போய்க் கதவைத் தட்டிச் சண்டை போடக் கூடாது என்பதையும், யாரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதையும், படிவம் 22-ஐ நிரப்புவது எப்படி என்பதையும் தங்கள் சமூகப் பணியாளர் ஒருவர் நேரில் காட்ட வேண்டும். காவடிக் காலத்தில் கோயில் வாசலில் ஒரு மேசை போட இடமும் தருகிறோம்.

மூன்றாவது, எங்களையே சோதியுங்கள். குழந்தைகளோடு பணிபுரியத் தகுதியற்றவர்களின் பெயர்கள் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் 'பி' பகுதியில் உள்ளன. கோயில் வகுப்பு ஆசிரியர்கள், நடன ஆசிரியர்கள், விழாத் தொண்டர்கள் எல்லோரையும் அதில் சரிபார்த்துத் தாருங்கள். என் பெயரை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

கடைசியாக, காவல் துறை தங்கள் பொறுப்பில் இல்லை என்பது தெரியும். ஆனாலும் எங்கள் பகுதிக் காவல் நிலையங்களின் புகார் மேசைகளில் இருப்போருக்கு, "இன்னும் நடக்கவில்லை" என்று சொல்லி யாரையும் திருப்பி அனுப்பாமல் உடனே தங்கள் சமூகப் பணியாளரை அழைக்கும்படி உத்தரவிடுமாறு மாகாணக் காவல் ஆணையர் அவர்களுக்குத் தாங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டுகிறோம்.

மண்டபம் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். அறுபது நாற்காலி இருக்கிறது, தேநீர் எங்கள் செலவு. தங்கள் அலுவலகத்திலிருந்து யார், எந்தச் சனிக்கிழமை வருவார் என்பதை எழுத்தில் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தமிழ் வகுப்பு ஆசிரியை மற்றும் பெற்றோர்.

இணைப்பு: ஆங்கில மனு, கையெழுத்துத் தாள்கள்.