ஹைம் கிராஸ் ஒரு வாத்தியாரும்கூட

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த அமெரிக்கச் சிற்பி ஹைம் கிராஸ் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஒரு மரச்சிற்பிக்கு நான்கு பக்கம் ஒதுக்கியதே எனக்குப் பெரிய சந்தோஷம். முப்பத்தோரு வருடம் தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சு சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். கிராஸ் களிமண்ணில் மாதிரி செய்துகொண்டு, அதைப் பார்த்து மரத்தில் செதுக்கினார் என்று கட்டுரை சொல்கிறது. 1930களில் அவருக்குப் பேர் வாங்கித் தந்த சிற்பங்கள் அப்படி வந்தவை அல்ல. கட்டையிலேயே நேராக உளி வைக்கும் முறை அவருடையது. நியூயார்க்கின் ஆர்ட் ஸ்டூடன்ட்ஸ் லீக் என்ற கலைப் பள்ளியில் சிற்பி ராபர்ட் லாரன்ட்டிடம் கற்றுக்கொண்டது. மாதிரி செய்து வெண்கலத்தில் வார்க்கும் வேலைக்கு அவர் போனதெல்லாம் பின்னாளில்தான். களிமண்ணில் தப்பினால் கொஞ்சம் அப்பிக்கொள்ளலாம். மரத்தில் எடுத்தது எடுத்ததுதான். கட்டை எவ்வளவு அகலமோ அதற்குள்தான் உருவம் அடங்க வேண்டும். அவருடைய கழைக்கூத்தாடிகள் ஏன் ஒருவர் மேல் ஒருவராக ஒடுங்கி நிமிர்ந்து நிற்கிறார்கள் என்பதற்குப் பாதி விடை அதில் இருக்கிறது. அடிமரத்தின் வடிவத்தை அவர் மீறவில்லை.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் 'ஹேண்டில்பார் ரைடர்ஸ்' என்ற அவருடைய சிற்பம் 1935-ல் செய்தது. மரம் லிக்னம் வைட்டே. தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் மரம் அது. கப்பலின் சுழலித் தண்டுக்குத் தாங்கியாகவே வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வைரம் பாய்ந்த கட்டை என்று நாம் சொல்வோமே, அந்த ரகம். காய்ந்த கருவேலங்கட்டையில் கொட்டாப்புளி தட்டியவருக்கு நான் சொல்வது புரியும். உளி இறங்காது, துள்ளும். மணிக்கட்டு வரை அதிரும். அப்படிப்பட்ட கட்டையில் வழுவழுப்பான முதுகையும் தொடையையும் ஒருவர் எடுத்திருக்கிறார்.

கட்டுரையில் விட்டுப்போன பெரிய விஷயம் அவருடைய வாத்தியார் வேலை. கார்பேத்திய மலைக்காட்டுப் பிள்ளை, அப்பாவுக்கு மர வியாபாரத்தில் வேலை, முதல் உலகப் போரில் குடும்பம் சிதறியது, 1921-ல் நியூயார்க் வந்தது, இதெல்லாம் நன்றாகவே வந்திருக்கிறது. சரி, அப்புறம்? பகலில் மளிகைச் சாமான் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டு அவர் படித்த இடம் எஜுகேஷனல் அலையன்ஸ். புதிதாகக் கப்பலில் வந்து இறங்கிய யூதர்களுக்கு ஆங்கிலமும் தொழிலும் சொல்லித்தர, லோயர் ஈஸ்ட் சைட் குடியிருப்புகளுக்கு நடுவே தொடங்கிய நிலையம். படித்த அதே இடத்தில் 1927-ல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ஐம்பது வருடத்துக்கும் மேல் அங்கே பாடம் எடுத்தார். பேரும் பணமும் வந்த பிறகும் விடவில்லை. 1934-ல் அங்கே அவரிடம் படித்தவர்களில் ஒருவர், பின்னாளில் மரச்சிற்பத்தில் பெரிய பேர் வாங்கிய லூயிஸ் நெவல்சன். அவர் உக்ரைனிலிருந்து குழந்தையாக வந்தவர். கிராஸுக்குச் சொல்லிக்கொடுத்த லாரன்ட் பிரான்சிலிருந்தும், அவருடைய இன்னொரு வாத்தியார் எலி நாடெல்மன் போலந்தின் வார்சாவிலிருந்தும் வந்தவர்கள். வந்தேறியவர் கையிலிருந்து வந்தேறியவர் கைக்கு உளி மாறிக்கொண்டே போயிருக்கிறது. இதற்கு ஒரு பத்தியாவது கொடுத்திருக்கலாம்.

இனி அந்தக் காகிதங்கள். 'அவருடைய ஆவணங்களும் பாதுகாக்கப்பட்டுள்ளன' என்று கடைசி வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. ஸ்மித்சோனியனின் அமெரிக்கக் கலை ஆவணக் காப்பகம் 1964-லும் 1981-லும் அவரை உட்காரவைத்துப் பேட்டி எடுத்து வைத்திருக்கிறது. ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். அவர் பிறந்த வருடம் 1904 என்று போட்டிருக்கிறீர்கள். பழைய புத்தகங்கள் எல்லாம் அப்படித்தான் சொல்கின்றன. அவர் பெயரிலேயே இயங்கும் அறக்கட்டளையோ 1902 என்கிறது. இரண்டு வருடம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். போரின்போது அவன் பத்து வயதுச் சிறுவனா, பன்னிரண்டு வயதுப் பையனா என்பது அதில் அடங்கியிருக்கிறது. காகிதம் இருந்தால்தான் இந்தக் கேள்வியையே கேட்க முடியும்.

எனக்கு வேலை பழக்கிய மூத்த பயிற்றுநர் கோடு போடாத நோட்டுகளில் ஒவ்வொரு மரத்தின் குணத்தையும் எழுதி வைத்திருந்தார். வேங்கையில் ஈரத்தோடு இரும்பு பட்டால் கறுக்கும், அறுத்த முனையில் உடனே மெழுகு தடவாவிட்டால் அங்கிருந்துதான் வெடிக்கும் என்றெல்லாம், பக்கத்தில் பென்சில் படத்தோடு. பதினோரு நோட்டு. அவர் ஓய்வுபெற்ற பிறகு அலமாரியைக் காலி செய்தபோது எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் அன்று விடுப்பில் இருந்தேன். இன்றும் அது ஆறவில்லை.

கிராஸ் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. அவர் 1957-ல் மரச்சிற்ப நுட்பம் பற்றி எழுதிய புத்தகத்தில் வேலையைப் புகைப்படக்காரர் எலியட் எலிசோஃபன் படமெடுத்திருக்கிறார். அதற்கும் முன்பே, அவர் ஓர் அடிமரத்திலிருந்து தன் மனைவி ரெனேயின் தலையைச் செதுக்கி எடுப்பதை ஒரு குறும்படமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். கிரீனிச் வில்லேஜ் லாகார்டியா பிளேஸில் அவர் வாழ்ந்த வீட்டின் கீழ்த்தளப் பட்டறை, மேலிருந்து வெளிச்சம் விழும் கண்ணாடிக் கூரையோடு அப்படியே இருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இரண்டாவது கட்டுரை ஒன்று போடுங்கள். அந்தப் பேட்டிகளைப் படித்துவிட்டு, வாத்தியார் கிராஸைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். கூடவே அந்தப் பட்டறையின் படம் ஒன்று, மேசையும் உளிகளும் தெரிகிற மாதிரி, பெரிதாக வரட்டும். என்னிடம் படித்த பையன்கள் மூன்று பேர் இன்னும் மரச்சிற்ப வேலையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நானே அந்த இதழை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தச்சுப் பயிற்றுநர்,
செங்கோட்டை