யோகோஹாமாவுக்கு, ஒரகடம் பக்கத்திலிருந்து ஒரு மடல்

மதிப்பிற்குரிய நிசான் மோட்டார் தலைமைச் செயல் அதிகாரி இவான் எஸ்பினோசா அவர்களுக்கும் இயக்குநர் குழுவினருக்கும்,

வணக்கம்.

சென்னையை அடுத்த ஒரகடம் ஆலையில் உங்களிடம் இருந்த 51 சதவீதப் பங்கை 2025-இல் உங்கள் பிரெஞ்சுக் கூட்டாளி நிறுவனமான ரெனோவுக்கு விற்றுவிட்டீர்கள். அது உங்கள் வரவு செலவு. அதில் தலையிட எனக்கு வேலையில்லை. ஆனால் விற்ற கையோடு, இந்தியாவை விட்டுப் போகவில்லை, புது வண்டிகள் வரிசையாக வரப்போகின்றன என்றும் அறிவித்தீர்கள். அந்தப் புது வண்டிகளை முன்னிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றே ஒன்று: இந்தியாவில் நீங்கள் விற்கும் ஒவ்வொரு மாடலின் கிராஷ் டெஸ்ட் முடிவையும், விலை குறைந்த பேஸ் மாடல் உட்பட, முன்பதிவு தொடங்குவதற்கு முன்பே வெளியிடுங்கள்.

இதை உங்களிடம் ஏன் குறிப்பாகக் கேட்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் டாட்சன் பெயரில் இங்கே வந்த சின்னக் கார், டாட்சன் கோ.

சமீபத்தில் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர் செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகும்போது துணைக்குக் கூப்பிட்டார். ஏசி மெக்கானிக். மனைவி, இரண்டு பிள்ளைகள், நால்வருக்கும் சேர்த்து ஒரு பைக். கையில் இருப்பதோ சொற்பப் பணம். ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு பழைய கார் விற்பனை இடம். 2015 மாடல் கோ, வெள்ளை நிறம், பாலிஷ் போட்டுப் பளபளவென்று நின்றது. விற்பவர் பானட்டைத் தட்டிக்காட்டி, "ஜப்பான் வண்டி சார், டாட்சன்னா அந்தக் காலத்துக் கம்பெனி, கண்ணை மூடிட்டு எடுக்கலாம்" என்றார். டயர் எந்த வருடத்தது, பேட்டரி எப்போது மாற்றியது, இன்சூரன்ஸ் எந்த மாதம் வரை என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. ஸ்டியரிங்கின் நடுவில் பார்த்தேன். வெறும் பிளாஸ்டிக் மூடி. ஏர்பேக் கிடையாது. மோதினால் இந்த வண்டி தாங்குமா என்று கேட்டேன். "ஜப்பான் வண்டி சார்" என்று மறுபடி சொன்னார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த இரண்டு சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு சும்மா வந்துவிடவில்லை. 1958-இல் ஆஸ்திரேலியாவைச் சுற்றி சுமார் 16,000 கிலோமீட்டர் ஓடிய பந்தயத்தில் உங்கள் டாட்சன் 210 தன் பிரிவில் வென்றது. ஜப்பான் கார் என்றாலே மேலைநாட்டார் உதட்டைப் பிதுக்கிய காலம் அது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய யுடாகா கதயாமாதான் பிறகு அமெரிக்காவில் 240இசட் ஸ்போர்ட்ஸ் காரை விற்றுக் காட்டினார். கிழக்கு ஆப்பிரிக்காவின் சஃபாரி ராலி இன்னும் கடினம். புழுதி, சேறு, குறுக்கே ஓடும் விலங்குகள். அதில் 1973-இல் டாட்சன் ஓட்டி வென்றவர் ஷேகர் மேத்தா. கம்பாலாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை மறுபடி வென்றார், அதுவும் டாட்சனில்தான். 1980-களில் நீங்களே அந்தப் பெயரை ஓரங்கட்டி எல்லா வண்டிக்கும் நிசான் என்று ஒட்டினீர்கள். அப்படியிருந்தும் பெயர் சாகவில்லை.

அப்படிச் சாகாமல் கிடந்த பெயரை 2013 ஜூலையில் டெல்லிக்குக் கொண்டுவந்து தூசி தட்டினார் அன்றைய தலைவர் கார்லோஸ் கோன். முதல் கார் வாங்கும் குடும்பத்துக்கான வண்டி என்றீர்கள். 2014 மார்ச்சில் 3.12 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் கோ வந்தது. எந்த வகையிலும் ஏர்பேக் இல்லை, சட்டென்று பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லை. அதே ஆண்டு நவம்பரில், கார்களை மோதிப் பார்த்து ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கும் தனி அமைப்பான குளோபல் என்கேப் அதை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்தது. பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம். பூஜ்யத்தைவிட மோசம், கூடவே வந்த விளக்கம்: வண்டியின் கூடே நசுங்கிவிடுவதால் இதில் ஏர்பேக் வைத்தும் பயனில்லை. அந்த அமைப்பின் தலைவர் மேக்ஸ் மோஸ்லி, வண்டியை விற்பனையிலிருந்து திரும்பப் பெறும்படி கோனுக்கே கடிதம் எழுதினார். இந்தியச் சட்டம் கேட்பதை எங்கள் வண்டி நிறைவு செய்கிறது என்று பதில் வந்தது. அன்றைய இந்தியச் சட்டம் இப்படியொரு மோதல் சோதனையைக் கேட்கவே இல்லை என்பது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாதா என்ன? முன்பக்க மோதல் சோதனை கட்டாயமானது 2017 அக்டோபரில், அதுவும் முதலில் புது மாடல்களுக்கு மட்டும்.

நீங்கள் மட்டுமா பூஜ்யம் வாங்கினீர்கள்? இல்லை. அந்த ஆண்டு ஆல்டோ, ஐ10, நானோ, ஸ்விஃப்ட் என்று இங்கே தெருவுக்குத் தெரு ஓடிய வண்டிகள் பலவும் பூஜ்யம்தான். ஏர்பேக் இல்லாத போலோவும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஃபோக்ஸ்வாகன் என்ன செய்தது? ஏர்பேக் இல்லாத வகையை நிறுத்திவிட்டு, எல்லாப் போலோவிலும் இரண்டு ஏர்பேக் வைத்தது. அதே சட்டம், அதே சந்தை.

என்னை உறுத்துவது இன்னொன்று. 2010-இல் ஒரகடத்தில் ஆலையைத் திறந்த நீங்கள், அதே ஆண்டு அங்கே செய்த மைக்ராவை எண்ணூர் துறைமுகத்தில் ஏற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பத் தொடங்கினீர்கள். அந்த மைக்ராவுக்கு ஐரோப்பாவின் மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப் 4 நட்சத்திரம் கொடுத்தது. கோ எதிலிருந்து பிறந்தது? மைக்ராவின் அதே அடித்தளத்திலிருந்து. எங்கே செய்தீர்கள்? அதே ஒரகடத்தில். காலையில் நான்கு நட்சத்திர வண்டிக்கு வெல்டிங் வைக்கத் தெரிந்த ஆலை இது. திறமைக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. எந்த வண்டிக்கு எவ்வளவு என்று யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் கார்களை அடுக்கிக்கொண்டு டிரெய்லர்கள் போகும்போது, இதில் எது கப்பலுக்கு, எது நமக்கு என்று வேடிக்கை பார்த்து நின்றவர்களில் நானும் ஒருவன்.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. தமிழ்நாடு அரசு தர வேண்டிய ஊக்கத்தொகை பாக்கி என்று சொல்லி இந்தியாவைச் சர்வதேச நடுவர் தீர்ப்பாயத்துக்கு இழுத்தீர்கள். கேட்டது 5,000 கோடி ரூபாய்க்கு மேல். 2020-இல் சமரசமாக முடிந்தது. தப்பில்லை, எழுதிக் கொடுத்த வாக்கைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. வாங்குபவர்களுக்கும் அப்படி ஏதாவது எழுத்தில் இருந்தால் நன்றாக இருக்குமே என்று சொல்ல வந்தேன்.

இன்னொரு கதையும் உண்டு. 2017-இல் ஜப்பானில் உங்கள் ஆலைகளில், தகுதிச் சான்று இல்லாத ஊழியர்கள் இறுதிப் பரிசோதனை செய்து, சான்று பெற்றவர்களின் முத்திரையைக் கடன் வாங்கிக் குத்தியது வெளியே வந்தது. உடனே சுமார் 12 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தீர்கள். அந்த விதி ஜப்பானில் விற்கும் வண்டிக்கு மட்டும்தான், ஏற்றுமதிக்கு இல்லை. ஆக, அங்கே முத்திரை குத்திய கை மாறினாலே 12 லட்சம் வண்டி திரும்பும். இங்கே கூடு நசுங்கும் என்று ஊருக்கே தெரிந்த பிறகும் ஒரு வண்டிகூடத் திரும்பவில்லை. அடேயப்பா, என்ன ஒரு ஒழுங்கு! அந்த ஒழுங்கின் தலைமைப் பூசாரியாக இருந்த கோன், தன் மேல் வழக்கு இருக்கும்போதே ஒலிக்கருவிப் பெட்டிக்குள் ஒளிந்து ஜப்பானை விட்டுப் போனதை உலகமே பார்த்தது. பெட்டி அவரைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்துவிட்டது.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். மன்னிக்கவும். செய்ததையும் சொல்லிவிடுகிறேன். 2018-இல் புதுப்பித்த கோ காரில் இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் எல்லா வகையிலும் வைத்தீர்கள். இன்னொரு டாட்சன் காரான ரெடி கோவுக்கு 2019-இல் கிடைத்தது ஒரே நட்சத்திரம் என்றாலும், நிசான் மேக்னைட் காரைத் தேற்றித் தேற்றி 2025-இல் குளோபல் என்கேப்பின் 5 நட்சத்திரம் வாங்கினீர்கள். அதுவும் ஒரகடத்து வண்டிதான். அப்படியானால் உங்களால் முடியும். எனக்கு எரிச்சலே அதனால்தான். முடிந்த ஒன்றை, யாராவது வெளியிலிருந்து மோதிப் பார்த்துக் காட்டும் வரை ஏன் தள்ளிப் போட வேண்டும்? 2023 அக்டோபர் முதல் இந்தியாவின் சொந்த மோதல் சோதனைத் திட்டமான பாரத் என்கேப் இங்கேயே இருக்கிறது. வண்டியைக் கப்பலேற்றி ஐரோப்பாவில் கொண்டுபோய் மோத வேண்டிய அவசியம்கூட இல்லை.

2022 ஏப்ரலில் டாட்சனை இரண்டாம் முறையாக மூடினீர்கள். உங்கள் கணக்கில் அது முடிந்த விவகாரம். இங்கே முடியவில்லை. ஷோரூமில் முதல் ஆள் வாங்கி, இரண்டாம் ஆளுக்கு விற்று, மூன்றாவதாக அந்த ஏசி மெக்கானிக் மாதிரி ஒருவரிடம் வந்து சேர்கிறது வண்டி. விலை இறங்க இறங்க, அதில் ஏறுபவரின் கையில் இருக்கும் தகவலும் குறைந்துகொண்டே போகிறது. அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "அண்ணே, நாலு பேரு பைக்குல போறதுக்கு இது பரவால்லதானே?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மழையில் நனையாமல் போகலாம், அது உண்மை. வண்டியைப் பற்றித் தெரிந்ததைச் சொன்னேன். யோசித்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிவிட்டார். இந்தியச் சாலைகளில் 2022-இல் மட்டும் 1.68 லட்சம் பேர் இறந்த நாட்டில், அந்தத் தகவல் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரன் சொல்லித்தான் கிடைக்க வேண்டுமா?

உங்கள் நிறுவனமும் சங்கடத்தில்தான் இருக்கிறது என்பது தெரியும். 20,000 பேரைக் குறைப்பது, 17 ஆலைகளைப் பத்தாக்குவது, 1961 முதல் ஓடும் ஜப்பானின் ஒப்பாமா ஆலையில் உற்பத்தியை நிறுத்துவது என்று அறிவித்திருக்கிறீர்கள். செலவைக் குறைக்கும் காலத்தில் கத்தி முதலில் எங்கே விழும் என்று 2014-இல் பார்த்துவிட்டோம். அதனால்தான் வண்டி வரும் முன்பே கேட்கிறேன்.

தயவுசெய்து, அடுத்த மாடலின் முன்பதிவைத் திறக்கும் முன் அதன் பேஸ் மாடலை மோதிப் பாருங்கள். வந்த நட்சத்திரம் எத்தனையானாலும் சரி, ஷோரூமில் ஆன் ரோடு விலை எழுதும் அதே பலகையில், அதே அளவு எழுத்தில் எழுதுங்கள். தமிழ்நாட்டில் தமிழிலும் எழுதுங்கள். சாலையில் இன்னும் ஓடும் பழைய கோ வண்டிகளின் சோதனை முடிவையும் உங்கள் இந்திய இணையதளத்தில் வைத்தால், செகண்ட் ஹேண்டில் வாங்குபவர் தேடிப் பார்த்துக்கொள்வார். பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
படப்பையிலிருந்து ஒருவன்