மூன்று ஊர் வேண்டாம் பாப்பா, ப்ரூஜ் ஒன்று போதும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் பார்த்தேன். பெல்ஜியத்தில் மூன்று ஊர்: சனிக்கிழமை காலையில் பிரஸ்ஸல்ஸ், சாயங்காலம் கென்ட், ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் ப்ரூஜ், ராத்திரிக்குள் கொலோன் திரும்ப வேண்டும். கல்யாணத்துக்கு அப்புறம் நீங்கள் இருவர் மட்டும் போகும் முதல் வெளியூர் இது. மாப்பிள்ளைக்கு நைட் ஷிஃப்ட், உனக்குப் பகல் வேலை. ஒரே வீட்டில் இருந்தும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை என்று போனில் நீயேதான் சொன்னாய். கிடைத்த இரண்டு நாளையும் பெட்டியை இழுத்துக்கொண்டு பிளாட்ஃபாரம் பிளாட்ஃபாரமாக ஓடிக் கழிக்க வேண்டாம். பிரஸ்ஸல்ஸும் கென்ட்டும் எங்கே ஓடியா போகப்போகின்றன? நேரே ப்ரூஜுக்குப் போங்கள். முடிந்தால் வெள்ளிக்கிழமை ராத்திரியே போய் இரண்டு ராத்திரி தங்குங்கள்.

தங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பகலில் அந்த ஊரில் நிற்க இடம் இருக்காது. பிரஸ்ஸல்ஸிலிருந்து வரும் டூரிஸ்ட் பஸ்கள் ஒரு பக்கம், ஸேபுருகே துறைமுகத்தில் இறங்கும் சொகுசுக் கப்பல் கூட்டம் இன்னொரு பக்கம். அவ்வளவு பேரும் மார்க்ட் சதுக்கத்தையும் படகுத்துறைகளையும் சுற்றிச் சுற்றி வருவார்கள். சாயங்காலம் ஆனதும் பஸ்ஸும் கப்பலும் கூப்பிட்டுவிடும். அதற்குப் பிறகு ஊர் தங்கியிருப்பவர்களுக்குத்தான். நானும் உன் மாமாவும் கூட்டம் வடிந்த பிறகு கால்வாய் ஓரமாக நடக்க ஆரம்பித்தோம். இருட்டிய பிறகும் ரூமுக்குத் திரும்ப மனசே வரவில்லை. கால் மணிக்கு ஒரு தரம் பெல்ஃப்ரி கோபுரத்து மணிகள் ஒரு சின்ன மெட்டு இசைக்கும். பகல் இரைச்சலில் அது பாதிதான் காதில் விழும். ராத்திரி முழுசாகக் கேட்கும்.

ஊருக்குள் காலை வைக்கும் முன் இதைத் தெரிந்துகொள். ப்ரூஜ் ஒரு காலத்தில் துறைமுகம். 1134-ல் அடித்த ஒரு பெரும்புயல் கரையைக் கிழித்து ஸ்வின் என்ற கடல்வாயைத் திறந்துவிட்டது. அந்த வழியாகத்தான் கம்பளித் துணியும் மீனும் ஒயினும் வந்து போயின, நம் பக்கத்து மலபார் மிளகும் வெனிஸ்காரர்கள் கைமாற்றி அங்கே வந்து இறங்கியது. ஜெனோவாக்காரர்கள், வெனிஸ்காரர்கள், ஹான்ஸா என்ற வட ஜெர்மன் நகரங்களின் கூட்டணி வணிகர்கள் எல்லோரும் அங்கே கிடங்கு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஸ்வின் மணல் மூடித் தூர்ந்தது. கப்பல்கள் ஆன்ட்வெர்ப்புக்குத் திரும்பின, பணமும் கூடவே போய்விட்டது. 19-ம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் ஏழை நகரங்களில் அதுவும் ஒன்று. பழைய வீட்டை இடித்துப் புதுசாகக் கட்ட யாரிடமும் காசு இல்லாததால்தான் அந்தத் தெருக்கள் பிழைத்தன. 2000-ல் யுனெஸ்கோ அந்த நகர மையத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதற்காகக் கண்ணில் படுவதெல்லாம் இடைக்காலம் என்று எடுத்துக்கொள்ளாதே. பழைய பாணியிலேயே பின்னாளில் எழுப்பிய கட்டிடங்களும் நிறைய. மார்க்ட் சதுக்கத்தில் எல்லோரும் போட்டோ எடுக்கும் மாகாண மாளிகை கட்டத் தொடங்கியதே 1887-ல்தான். எனக்கு அதனால் அந்த ஊர் மேல் பிரியம் குறையவில்லை. விட்டுப்போன வாழ்வை மறுபடி கட்டிப் பார்க்க ஆசைப்பட்ட ஊர் அது.

சனிக்கிழமை காலையில் முதல் வேலையாகப் புனித ஜான் மருத்துவமனைக்குப் போங்கள். எதை விட்டாலும் இதை விடாதே. 12-ம் நூற்றாண்டில் தொடங்கி, 20-ம் நூற்றாண்டிலும் நோயாளிகளைப் பார்த்த இடம், இப்போது அருங்காட்சியகம். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மரத்தால் செய்த குட்டித் தேவாலயம் ஒன்று இருக்கிறது. ஒரு மீட்டர் நீளம்கூட இருக்காது, முழுக்கப் பொன்பூச்சு. ஹான்ஸ் மெம்லிங் 1489-ல் ஓவியம் தீட்டி முடித்த புனித உர்சுலாவின் பேழை அது, புனிதரின் எச்சங்களை வைக்கும் பெட்டி. அவர் பிறந்தது உங்கள் ஜெர்மனியில், பிராங்க்பர்ட் பக்கத்து செலிகன்ஸ்டாட்டில்.

அந்தப் பேழையில் இருப்பது உன் ஊர், பாப்பா. உர்சுலா தோழிகளோடு ரோமுக்கு யாத்திரை போகிறாள், வழியில் கொலோனில் இறங்குகிறாள். முதல் ஓவியமே அதுதான். கப்பல் கரையோரம் நிற்கிறது, பெண்கள் இறங்குகிறார்கள், பின்னால் ரைன் கரைக் கட்டிடங்கள். கிராஸ் சாங்ட் மார்ட்டின் கோபுரத்தைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொள்வாய். பக்கத்தில் கதீட்ரல், ஆனால் கோபுரங்கள் இல்லாமல், பாதி கட்டிய நிலையில். 1248-ல் தொடங்கிய கட்டிடம் 1880-ல்தானே முடிந்தது! நீ வேலைக்குப் போகும்போது தினமும் கடந்து போகும் அந்த கதீட்ரலை, முடியாத கோலத்தில் ஒருவர் வரைந்து வைத்திருக்கிறார். திரும்பி வரும் வழியில் அதே கொலோனில் ஹூணர்கள் அவர்களைச் சூழ்ந்துகொள்கிறார்கள். அவர்கள் தலைவனைக் கட்டிக்கொள்ள உர்சுலா மறுத்ததால் அம்பெய்து கொன்றார்கள் என்பது கதை. கடைசி ஓவியத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒருவன் வில்லை வளைத்துக் குறிவைக்கிறான், அவள் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. பக்கத்தில் நிற்கும் வீரனின் கவசத்தைக் குனிந்து உற்றுப் பார். சுற்றி நடப்பது அந்த இரும்பில் பளபளவென்று தெரியும். மாமா அதைக் காட்டியிருக்காவிட்டால் நான் கவனித்திருக்க மாட்டேன். ஊருக்குத் திரும்பிய பிறகு, உங்கள் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் இருக்கும் புனித உர்சுலா தேவாலயத்துக்கும் இருவரும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

மருத்துவமனைக்கு எதிரே மாதா கோயில். செங்கல்லாலேயே 115 மீட்டர் உயரத்துக்கு எழுப்பிய கோபுரம். உள்ளே மிக்கேலாஞ்சலோ செதுக்கிய மாதாவும் குழந்தையும். பிரெஞ்சுக்காரர்கள் ஒரு தடவை தூக்கிப் போனார்கள், 1944-ல் ஜெர்மானியர்கள் தூக்கிப் போனார்கள். இரண்டாவது தடவை ஆஸ்திரியாவில் ஓர் உப்புச் சுரங்கத்திலிருந்து மீட்டு வந்தார்கள். அதே கோயிலில், அந்தப் பகுதியை ஆண்ட பர்கண்டி மேரியின் கல்லறையும் உண்டு. மேலே அவள் படுத்திருப்பது போலப் பொன்பூச்சு உருவம். வேட்டைக்குப் போன இடத்தில் குதிரையிலிருந்து விழுந்து 1482-ல் இறந்தபோது அவளுக்கு 25 வயதுதான். பக்கத்தில் இருப்பது அப்பாவின் கல்லறை, கணவன் மாக்சிமிலியனை வேறு ஊரில் அடக்கம் செய்துவிட்டார்கள். எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது.

பெல்ஃப்ரி ஏறுவது மாப்பிள்ளையின் இஷ்டம். 366 படி, மேலே போகப் போகக் குறுகிக்கொண்டே போகும் சுழல் படிக்கட்டு. உன் முழங்கால் வலிக்கு அது வேண்டாம். அவர் ஏறிவிட்டு வரட்டும், நீ கீழே காபி குடி. புருஷன் பெண்டாட்டி என்றால் எல்லாவற்றையும் சேர்ந்தே பார்த்தாக வேண்டுமா என்ன? மேலே மணிகளை இயக்கும் பெரிய உலோக உருளை இருக்கிறது. அதில் செருகிய முளைகள் உருளை சுழலும்போது கம்பிகளை இழுக்க, கம்பிகள் சுத்தியலை இழுக்க, மணி அடிக்கும். மெஷின் என்றால் உயிரை விடுகிற மனிதர், ஆசை தீரப் பார்த்துவிட்டு வரட்டும். டிக்கெட் மட்டும் முன்கூட்டியே நேரம் குறித்து எடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டு விஷயம். சதுக்கத்தில் கோபுரத்தடியில் பச்சை நிறத்தில் இரண்டு உருளைக்கிழங்கு வறுவல் கடைகள் இருக்கும். பெல்ஜியத்தில் அதைப் பாரம்பரியமாக மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். நீ தொடமாட்டாய் என்பதால் சொல்கிறேன், எந்தக் கடையானாலும் எண்ணெயா கொழுப்பா என்று கேட்டுவிட்டு வாங்கு. மாப்பிள்ளை பீர் குடித்தால் டி ஹால்வ மான் மதுவடிப்பகத்தில் குடிக்கட்டும். அந்தச் சந்துகளில் டேங்கர் லாரி ஓட்டிக் கட்டுப்படியாகாமல், 2016-லிருந்து தரைக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு, ஊருக்கு வெளியே பாட்டிலில் அடைக்கும் இடத்துக்கு பீரை அனுப்புகிறார்கள். சாக்லேட் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, கடை உன்னைத் தேடி வரும். லேஸ் மட்டும் அவசரப்பட்டு வாங்காதே, கடைகளில் தொங்குவதில் நிறைய மெஷினில் பின்னியது.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் எடுத்துக்கொண்டு டாம்மவுக்குக் கிளம்புங்கள். என்னைக் கேட்டால் உங்கள் பயணத்திலேயே நல்ல பொழுது இதுவாகத்தான் இருக்கும். ஊரின் கிழக்கு ஓரத்துக் காற்றாலைகளைத் தாண்டினால் நேர்கோடு போட்டது போல ஒரு கால்வாய் தொடங்கும். நெப்போலியன் உத்தரவில் வெட்டியது. இரண்டு கரையிலும் பாப்லர் மரங்கள், எல்லாம் காற்றுக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்து வளர்ந்தவை. ஆறேழு கிலோமீட்டர், சமதரை, ஏற்றமே இல்லை. போகும்போது காற்று பெரும்பாலும் முதுகைத் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும், அதனால் பாதித் தெம்பை மிச்சம் வைத்துக்கொள். டாம்ம ஒரு காலத்தில் ப்ரூஜின் முன்துறைமுகம், பெரிய கப்பல்கள் அங்கேதான் சரக்கு இறக்கும். இப்போது ஒரு தேவாலயம், ஒரு நகர மன்றம், நாலு தெரு, அதைத் தாண்டினால் வயல். அந்த மன்றத்து வாசலில் நின்று கடல் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று இருவரும் யோசித்துப் பாருங்கள். நாங்கள் அதைப் பேசிக்கொண்டே ஒரு சாப்பாட்டு நேரத்தைக் கழித்தோம். வீட்டுக் கடன், விசா, பிள்ளைகள் படிப்பு எதுவும் அந்தப் பேச்சில் வரவில்லை.

கொலோனிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வரை இரண்டு மணி நேரம்கூட ஆகாது, அங்கே ரயில் மாறினால் இன்னொரு மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து பஸ் ஏறாமல் மின்னவாட்டர் ஏரி வழியாக நடந்து ஊருக்குள் போங்கள். தரை முழுக்கக் கல் பாவியது, உருளும் பெட்டி சிரமப்படுத்தும், ஆளுக்கு ஒரு முதுகுப்பை போதும். ஹீல்ஸ் செருப்பை வீட்டிலேயே விட்டுவிடு. திங்கட்கிழமையோடு சேர்த்து லீவு போட்டால் அன்றைக்கு மியூசியங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும், அதற்கேற்பப் பார்த்துக்கொள்.

ரூமை மட்டும் சதுக்கத்துக்குப் பக்கத்தில் எடுக்காதே, சிண்ட் அன்னா பக்கம் பார். அமைதியான தெருக்கள், காற்றாலைகளும் டாம்ம வழியும் பக்கத்திலேயே. இரண்டு மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறேன், தேதி சொன்னால் அனுப்புகிறேன். மாப்பிள்ளையிடம் இப்போதே ஷிஃப்ட் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்கச் சொல்.

அன்புடன்,
அக்கா