வாசலில் பெயர் எழுதும் பிள்ளைகளுக்காக: திருகோணமலை அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்களே, ஆசிரியர்களே,

வணக்கம். திருகோணமலையிலேயே படித்து, இப்போது என் பிள்ளையையும் இங்கேயே படிக்க அனுப்பும் ஒரு தாய் எழுதுகிறேன்.

தரம் 10 படிக்கும் என் மகளுக்கு இந்த வருடம் மாணவத் தலைவிச் சின்னம் கிடைத்தது. அம்மம்மா கோணேசர் கோயிலில் அர்ச்சனையும் செய்துவிட்டு வந்தார். இரண்டாவது கிழமையே பிள்ளை அழுதுகொண்டு வந்தாள். காலையில் வாசலில் நின்று பிந்தி வருபவர்களின் பெயரை எழுதுவதுதான் அவளுக்குத் தந்த வேலை. அன்று பிந்தி வந்தவள் அவளுடைய வகுப்புத் தோழி. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா வெளிநாட்டில், தம்பியை வெளிக்கிடுத்தி முன்பள்ளியில் விட்டுவிட்டுத்தான் ஓடி வருவாள். எழுதினால் அவளுக்கு அநியாயம், விட்டால் மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயம், நான் என்ன செய்திருக்க வேண்டும் அம்மா என்று கேட்டாள். எழுதித்தான் இருக்கிறாள். தோழியை முழங்காலில் நிற்க வைத்துவிட்டார்கள்.

நீதி, இரக்கம், பொறுப்பு எல்லாம் குடியியற் கல்வியில் படித்து நல்ல புள்ளியும் எடுத்தவள்தான். ஆனால் அது நேரில் வந்து நின்றபோது, கூட இருந்து யோசித்துப் பேச பாடசாலையில் அவளுக்கு ஒருவரும் இருக்கவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமி வந்தபோது நான் உயர்தர மாணவி. எங்கள் பாடசாலையே முகாமாகிவிட்டது. யாரும் பதவி தரவில்லை, நாங்களே குடும்பங்களை எண்ணினோம், தண்ணீர் வரிசையில் கர்ப்பிணிகளை முன்னுக்கு விடுவது என்று முடிவெடுத்து ஏச்சும் வாங்கினோம். ஒருநாள் பால்மா பங்கிட்டதில் ஒரு குடும்பம் விடுபட்டுப் போய், அவர்களைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டோம். என்னிடம் கொஞ்சமாவது தலைமைத்துவம் இருக்கிறதென்றால் அது அந்த நாட்களில் வந்தது. அதற்காக நம் பிள்ளைகளுக்கும் ஓர் அழிவு வரவேண்டுமா?

நான் கேட்பது, இப்படியானவற்றைக் கூடி யோசித்துப் பேச கிழமைக்கு ஒரு பாடவேளை. புதிய பாடமோ பரீட்சையோ வேண்டாம், உங்களுக்கு இருக்கும் வேலைப்பளு தெரியும். அந்தக் கிழமை நடந்த ஒன்றைப் பிள்ளைகளே கொண்டுவரட்டும், ஆசிரியர் உடனே விடை சொல்லாமல் கேட்கட்டும். பிந்தி வருபவர்களுக்கான விதியை அவர்களே எழுதி ஒரு தவணைக்கு நடத்திப் பார்த்து, சரிவராவிட்டால் மாற்றட்டும். மாணவர் பாராளுமன்றத்துக்கு வாக்கெடுப்பு வைத்து அமைச்சர்களையும் தெரிவுசெய்கிறோம், அப்புறம் அவர்கள் பேச வேண்டியதை நாமே எழுதிக் கொடுத்தால் எப்படி?

இன்னொன்று, கோட்டைக்குள்ளும் ரவுண் தெருக்களிலும் திரியும் மான்கள் நாம் எறியும் பொலித்தீனைத் தின்கின்றன. இதைத் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகளிடம் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். ஒரே கடற்கரையில் விளையாடுகிற பிள்ளைகள், ஆனால் ஒரு மேசையில் இருந்து ஒரு காரியத்தை முடிவெடுத்ததில்லை.

உதவிக்குப் பழைய மாணவர்கள் இருக்கிறோம், நானும் வருவேன். முதல் கிழமை பேச விஷயமும் இருக்கிறது: அன்று வாசலில் அந்தப் பெயரை எழுதியிருக்க வேண்டுமா, வேண்டாமா?

அன்புடன்,
ஒரு பழைய மாணவி, ஒரு தாய்